‘இது எந்தக் கட்சி சேனல்?’ ஏஐ-யிடம் கேட்டால் பதில் வருகிறது... எண்ணூர் செய்திக்கு அந்த அளவுகோல் சரிப்படுமா?

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது யாரோட சேனல்?" என்று கேட்பது தமிழ்நாட்டு வீடுகளில் பழைய பழக்கம். முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லிவிடுவார். இப்போது பலரும் செல்போனில் சாட்ஜிபிடி, ஜெமினி, க்ரோக் என ஏதோ ஒன்றைத் திறந்து கேட்கிறார்கள். செய்தியின் லிங்கை ஒட்டி, "இது நடுநிலையா, ஒரு பக்கம் சாயுதா?" என்று கேட்டால் போதும். சில நொடிகளில் மதிப்பெண்ணே போட்டுக் கொடுத்துவிடுகிறது.

அந்த மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? சோதித்துப் பார்க்க ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தை விட நல்ல இடம் கிடைக்காது. இங்கே நடக்கும் ஒவ்வொரு விபத்திலும் ஒரு பக்கம் மாநில அரசு, இன்னொரு பக்கம் மத்திய அரசு நிறுவனம், நடுவில் தனியார் ஆலைகளும் துறைமுகங்களும். எல்லாரிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணூர் பற்றிய செய்தி, படித்துவிட்டு மறந்துபோகிற செய்தி மட்டும் அல்ல. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அமோனியா கசிவும் அடுத்தடுத்து நடந்தபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஊடகச் செய்திகளைப் பார்த்து தாமாக முன்வந்துதான் வழக்கு எடுத்தது. அப்படி எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதி செய்திருக்கிறது. அதாவது, ஒரு குப்பத்தில் நடந்தது செய்தியாக வந்தால் வழக்காக மாற வாய்ப்பு உண்டு. வராவிட்டால், அங்கிருப்பவர்களே வக்கீல் பிடித்து அலைய வேண்டும்.

ஒரே எண்ணெய், இரண்டு குற்றவாளிகள்

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவக் கிராமங்களில் படகு, வலை எல்லாம் கறுப்பு. விரல் எல்லாம் மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தை (சிபிசிஎல்) நோக்கி நீண்டது. நிறுவனம் தொடக்கத்தில் தங்கள் குழாயில் கசிவு இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வுக்குப் பிறகு அந்த வளாகத்தைத்தான் சுட்டியது.

இதில் அரசியல் எங்கே வருகிறது? சிபிசிஎல், பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். ஆக அது மத்திய அரசின் கணக்கு. கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில அரசின் கணக்கு. அப்போது மத்தியில் பாஜக, மாநிலத்தில் திமுக. மாநில அரசுக்கு வேண்டிய ஊடகம் என்றால் 'மத்திய அரசு நிறுவனத்தின் அலட்சியம்' என்று தொடங்கலாம். எதிர்த்தரப்பு ஊடகம் என்றால் 'மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தூங்கியதா?' என்று தொடங்கலாம். இரண்டிலும் பொய் இல்லை. ஆளுக்குப் பாதி உண்மை.

இப்போது இந்த இரண்டு செய்தியையும் ஏஐ-யிடம் கொடுத்தால், ஒன்றை திமுக சார்பு என்றும், மற்றொன்றை திமுக எதிர்ப்பு என்றும் சரியாகவே பிரித்துவிடும். அதில் தவறு இல்லை. ஆனால் "இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுநிலையான சித்திரம் கிடைத்துவிடும்" என்று அது சொன்னால் அங்கேதான் சிக்கல். எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, எண்ணெய் படிந்த வலையை என்ன செய்வது, இறால், நண்டை நம்பி ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு யார் கணக்கு எழுதுவது? இதெல்லாம் இரண்டு கட்சிக் கதையிலும் இல்லாமல் போயிருக்கலாம். இரண்டு சாய்வைக் கூட்டி இரண்டால் வகுத்தால் விடுபட்டது திரும்பி வராது.

ஏஐ எதை வைத்து சாய்வை அளக்கிறது?

அடிப்படை எளிமையானது: வார்த்தைகளை எண்ணுவது. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷாபிரோவும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பிரபலமான உதாரணம். இறந்தவரின் சொத்து மீதான வரியை அங்கே ஒரு கட்சியினர் 'மரண வரி' என்பார்கள், மறு கட்சியினர் 'எஸ்டேட் வரி' என்பார்கள். நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சி எந்தச் சொல்லை அதிகம் பேசுகிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றன என்று பார்த்தார்கள். வந்த முடிவு கொஞ்சம் சுவாரஸ்யம்: பத்திரிகையின் சாய்வை அதிகம் தீர்மானிப்பது முதலாளி யார் என்பதை விட, வாசகர்கள் எந்தப் பக்கம் என்பதுதான்.

தமிழில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 'மத்திய அரசு' என்று எழுதுவதா, 'ஒன்றிய அரசு' என்று எழுதுவதா? 2021-ல் திமுக ஆட்சிக்கு வந்த பிறகு அரசு அறிக்கைகளில் 'ஒன்றிய அரசு' வந்தது, சட்டப்பேரவை வரை விவாதம் போனது. 'தமிழகமா, தமிழ்நாடா' என்பது 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர்.என்.ரவியின் பேச்சால் பெரிய சண்டையானது. தலைவர் பெயருக்கு முன்னால் 'கலைஞர்' வருகிறதா, 'புரட்சித் தலைவி' வருகிறதா என்பதும் அப்படித்தான். இந்த மாதிரி அடையாளங்களை ஏஐ சட்டென்று பிடித்துவிடும்.

பிடித்த பிறகுதான் தடுமாறும். 'ஒன்றிய அரசு' என்ற சொல் வந்தாலே திமுக சார்பு என்று முடிவு கட்டிவிட்டால் என்ன ஆகும்? அதே சொல்லைப் போட்டு, எண்ணூர் விவகாரத்தில் மாநில அரசையும் சேர்த்து விளாசுகிற இடதுசாரிப் பத்திரிகைக் கட்டுரையும் அதே கூடையில் விழும். அதோடு, வெளிநாட்டு மென்பொருள்கள் கொடுக்கிற 'இடது - மையம் - வலது' என்ற கோடு நம் ஊருக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே திராவிடம், தேசியம், தமிழ்த் தேசியம், சாதி, மாநில உரிமை என்று பல கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரே கட்டுரை ஒரு கோட்டில் இடதாகவும் இன்னொன்றில் வலதாகவும் இருக்கலாம்.

வஞ்சப்புகழ்ச்சி இன்னொரு தலைவலி. "ஆலையை இவ்வளவு அக்கறையாகக் கவனித்துக்கொண்ட அதிகாரிகளுக்கு நன்றி" என்று ஒரு திருவொற்றியூர்க்காரர் நக்கலாகச் சொன்னால், ஏஐ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

'கசிந்தது' என்றால் யார் குற்றம்?

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? செய்தியில் சாய்வு பதுங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலில் இருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். விடிந்ததும் ஆலை முன்பு போராட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழாயைப் பயன்படுத்தத் தடை போட்டது.

இதை எழுதும்போது 'அமோனியா கசிந்தது' என்று எழுதலாம். 'குழாயில் கசிவு ஏற்பட்டது' என்றும் எழுதலாம். 'ஆலையின் குழாய் அமோனியாவைக் கசியவிட்டது' என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே சம்பவம்தான். முதல் வாக்கியத்தில் வாயு தானாகவே வெளியே வந்த மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் 'ஏற்பட்டது', மழை பெய்தது மாதிரி. மூன்றாவதில்தான் குழாய்க்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழில் இப்படி எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது மிகச் சுலபம், இலக்கணப்படி பிழையும் கிடையாது. விபத்தின் காரணம் தெரியாத முதல் ஒரு மணி நேரத்தில் அப்படி எழுதுவதுதான் நியாயமும்கூட. விசாரணை அறிக்கை வந்து ஒரு மாதம் கழித்தும் 'கசிவு ஏற்பட்டது' என்றே ஓடினால் அது வேறு விஷயம்.

கட்சிச் சாய்வு மட்டும் தேடச் சொன்ன ஏஐ, இந்த மூன்று வாக்கியத்துக்கும் 'நடுநிலை' என்றே முத்திரை குத்தக்கூடும். ஏனென்றால் எதிலும் கட்சிப் பெயர் இல்லை. "இந்தச் செய்தியில் ஆலை எழுவாயாக எத்தனை வாக்கியத்தில் வருகிறது?" என்று குறிப்பாகக் கேட்டால், அதே ஏஐ எண்ணிச் சொல்லிவிடும்.

எழுத்துக்கே இந்தப் பாடு என்றால் காட்சிக்கு? 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதி கைது செய்யப்பட்டதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. சன் டிவி ஒளிபரப்பிய காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு கதை, ஜெயா டிவி ஒளிபரப்பிய காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு வேறு கதை. எந்த நொடியில் வெட்டினார்கள், எதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். பின்னணி இசை, கீழே ஓடும் வரி, விவாதத்தில் யார் பேச்சு பாதியில் வெட்டப்பட்டது என்பதெல்லாம் எழுத்தை மட்டும் படிக்கிற ஏஐ-க்கு எட்டாது. பேச்சை எழுத்தாக மாற்றிக் கொடுத்தாலும், காசிமேட்டு மீனவர் வேகமாகப் பேசுகிற வடசென்னைத் தமிழ் அதில் பாதி உதிர்ந்துபோகும். அமைச்சரின் மேடைத் தமிழ் அப்படியே வந்துவிடும். அங்கேயே தராசு ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது.

முகம் தெரிந்த சாய்வு, தெரியாத சாய்வு

உண்மையில், கட்சிச் சாய்வைக் கண்டுபிடிக்க வடசென்னைக்கு ஏஐ தேவையே இல்லை. 1949-ல் திமுக தொடக்க விழாப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கட்சிப் படிப்பகங்கள் இருந்த பகுதி இது. மேசையில் கிடப்பது முரசொலி என்றால் திமுக, தீக்கதிர் என்றால் மார்க்சிஸ்ட், விடுதலை என்றால் திராவிடர் கழகம். படிக்கிறவருக்கு அது தெரியும், அதற்கேற்பக் கழித்துக்கொண்டு படிப்பார். டிவியிலும் அதே கதை தொடர்ந்தது. கருணாநிதியின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்த கலாநிதி மாறனின் சன் 1993-ல், அதிமுக தரப்பின் ஜெயா 1999-ல், பாமக தரப்பின் மக்கள் 2006-ல், திமுக தரப்பின் கலைஞர் 2007-ல், தேமுதிக தரப்பின் கேப்டன் 2010-ல், அதிமுக தரப்பின் நியூஸ் ஜெ 2018-ல். யாரும் பெரிதாக மறைக்கவில்லை.

சிக்கலானது முகம் தெரியாத சாய்வு. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் எல் அண்ட் டி-யிடம் இருந்து அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தை மீனவக் கிராமங்கள் எதிர்த்து வருகின்றன. 2023 செப்டம்பரில் நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதே அதானி குழுமம்தான் 2022 டிசம்பரில் என்டிடிவி-யின் பெரும்பான்மைப் பங்குகளையும் வாங்கியது. உரிமையாளர் ஒருவரே என்பதாலேயே காட்டுப்பள்ளி பற்றிய ஒரு குறிப்பிட்ட செய்தி சாய்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தொடர்பு தெரிந்து படிப்பதும், தெரியாமல் படிப்பதும் ஒன்றல்ல. செய்தியின் வரிகளை மட்டும் ஏஐ-யிடம் கொடுத்தால் இந்தத் தொடர்பை அது தானாக எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "இந்த ஊடகத்தின் உரிமையாளர் யார், செய்தியில் வரும் நிறுவனத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். வருகிற பதிலையும் வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

தராசுக்கே சாய்வு இருந்தால்?

2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 14 மொழி மாதிரிகளை அரசியல் கேள்விகள் கேட்டு சோதித்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம்: எந்தச் சாய்வுள்ள எழுத்தைக் கொடுத்துப் பழக்குகிறோமோ, அதற்கேற்ப வெறுப்புப் பேச்சையும் பொய்ச் செய்தியையும் அது அடையாளம் காண்பதும் மாறியது. கணிப்பொறி மொழியியலில் மதிக்கப்படும் ஏசிஎல் மாநாட்டில் விருது பெற்ற ஆய்வு இது.

இதை நடைமுறையில் செய்து கையைச் சுட்டுக்கொண்டது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ். அதன் உரிமையாளர் பேட்ரிக் சூன்-ஷியாங் 2025 மார்ச் மாதம் கருத்துக் கட்டுரைகளுக்கு ஏஐ முத்திரை குத்தும் வசதியைக் கொண்டுவந்தார். இடது, மையம், வலது என்று வகைப்படுத்துவதோடு, 'மாற்றுக் கருத்து' என்ன என்றும் ஏஐ எழுதிச் சேர்க்கும். கறுப்பின மக்களுக்கு எதிரான கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை ஒரு நகரம் பதவியில் இருந்து இறக்கிய வரலாற்றைச் சொன்ன கட்டுரைக்கும் அது 'மாற்றுக் கருத்து' எழுதியது. அந்தக் கும்பலின் வெறுப்பை மழுப்புகிற மாதிரி இருந்ததால் எதிர்ப்பு கிளம்பி, உடனே அதை நீக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாக் கட்டுரைக்கும் மறுபக்கம் ஒன்று வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டால், இல்லாத மறுபக்கத்தையும் அது உண்டாக்கிக் கொடுக்கும். விஷவாயுவை சுவாசித்தவர் சொல்வதற்கு என்ன மறுபக்கம்?

வராத செய்தியை எப்படி அளப்பது?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதுதான் துறைமுகத் தரப்பின் முதல் அறிக்கை. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் தார் போல எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது.

பிறகு? பிப்ரவரி 5-ல் ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா. 7-ம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம். அடுத்து கூவத்தூர். கேமராக்கள் எல்லாம் எர்ணாவூரை விட்டு மெரினாவுக்குப் போய்விட்டன. மெரினா செய்தியும் பெரிய செய்திதான், யாரும் சதி செய்யவில்லை. ஆனால் கரையில் எண்ணெய் இருந்தது, செய்தியில் இல்லை. அந்த வாரத்துச் செய்திகளை ஒவ்வொன்றாக ஏஐ-க்குக் கொடுத்து சாய்வைக் கேட்டால், பன்னீர்செல்வம் பக்கமா, சசிகலா பக்கமா என்று அழகாகப் பிரித்துத் தரும். எழுதப்படாத எர்ணாவூருக்கு மதிப்பெண் போட அதற்கு வழியே இல்லை.

இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள் பணமதிப்பிழப்பு, ஆதார், ஜிஎஸ்டி, விவசாயிகள் போராட்டம் பற்றிய ஆங்கில நாளிதழ்ச் செய்திகளைக் கணினி மூலம் பிரித்துப் பார்த்தார்கள். எந்தக் கட்சி என்பதோடு, கொள்கையின் எந்த அம்சம் எவ்வளவு இடம் பிடித்தது என்றும் கணக்கிட்டார்கள். நடுத்தர வர்க்கத்தைத் தொடும் அம்சங்களோடு ஒப்பிட்டால், ஏழைகளைத் தொடும் அம்சங்களுக்குக் கிடைத்த இடம் குறைவு. எண்ணூருக்குப் பொருந்துகிற அளவுகோல் இதுதான் என்று தோன்றுகிறது. சாம்பல் கழிவு, வாயு, எண்ணெய் எல்லாம் கட்சி பார்த்து வருவதில்லை, ஆட்சி மாறினாலும் வருகின்றன.

அப்போ செல்போனில் எப்படிக் கேட்பது?

"இது எந்தக் கட்சி?" என்ற கேள்வியை விட்டுவிட்டு எண்ணச் சொல்லலாம். செய்தியில் யார் யார் பேசியிருக்கிறார்கள், அதிகாரி எத்தனை பேர், நிறுவனம் எத்தனை வரி, பாதிக்கப்பட்ட ஊர்க்காரர் எத்தனை வரி, பெயரோடு பேசுகிறாரா, 'அப்பகுதி மக்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்களா? ஒரே சம்பவம் பற்றிய மூன்று ஊடகச் செய்திகளைக் கொடுத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத தகவல் எது என்று கேட்கலாம். லிங்கை மட்டும் ஒட்டினால் சில நேரம் அது படிக்காமலே கதை விடும். முழுச் செய்தியையும் காப்பி செய்து ஒட்டுவது நல்லது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் 2025-ல் 18 நாடுகளில் நடத்திய சோதனையில், செய்தி குறித்து ஏஐ தந்த பதில்களில் 45 சதவீதத்தில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது. அதனால் அது சொல்கிற எண்ணிக்கையை ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதும் நல்லது. பத்துப் பதினைந்து வரிதானே.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு இடத்தில் முட்டி நிற்கும். கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கே நடக்கிறது, மீன்வளத் துறையின் நிவாரணப் பட்டியலில் எந்தக் குப்பம் விடுபட்டது, எந்தத் தெருவில் இரவு வாயு நெடி அடித்தது போன்ற செய்திகள் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியாக வருகிறவை. பல நேரம் இணையதளத்தில் எழுத்தாக ஏறுவதே இல்லை. இ-பேப்பரில் படமாகக் கிடக்கும், அல்லது ஒரு செய்தியாளரின் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடும். காட்டுக்குப்பம் பற்றி ஏஐ-யிடம் கேட்டால், பெரிய ஊடகங்கள் ஆங்கிலத்தில் எழுதிய 2023 டிசம்பர் செய்திகளே முதலில் வந்து நிற்கும். மற்ற மாதங்களில் அங்கே என்ன நடந்தது என்பதை அந்த நான்கு வரியை வெட்டி வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.